ஃபேன் முனகினால் 'காயில் போச்சு' என்பதை உடனே நம்பாதீர்கள்

சீலிங் ஃபேன் ரிப்பேரில் அடிக்கடி நடக்கும் ஏமாற்று இது. நடக்கிற விதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாதக்கணக்கில் வேகம் குறைந்துகொண்டே வந்த ஃபேன், ஒருநாள் சுவிட்சைப் போட்டதும் முனகிக்கொண்டு நின்றுவிடும். ரிப்பேருக்கு வந்தவர் இறக்கையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். மூடியைக்கூடத் திறக்க மாட்டார். "காயில் போயிடுச்சு, ரீவைண்டிங் பண்ணணும்" என்று, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று எரிந்துவிட்டது, புதிதாகச் சுற்ற வேண்டும் என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். திரும்பி வந்த ஃபேன் ஜோராகச் சுற்றும், நாமும் முழு ரீவைண்டிங் கூலியைக் கொடுத்துவிடுவோம். உள்ளே மாறியிருப்பது பெரும்பாலும் கெப்பாசிட்டர் என்ற ஒரு சின்ன பாகம் மட்டும்தான். ரீவைண்டிங் கூலியில் அது மிகச் சிறிய பங்கு.

உண்மையில் உள்ளே நடப்பது என்ன? சாதாரண சீலிங் ஃபேனில் ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்று இரண்டு வைண்டிங் (காயில்) உண்டு. ரன்னிங் மட்டும் வேலை செய்தால் முனகல்தான் வரும், எந்தப் பக்கம் சுற்றுவது என்று மோட்டாருக்குத் தெரியாது. ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோடு தொடராக இருக்கும் கெப்பாசிட்டர்தான் திசையையும் இழுவையையும் தருகிறது. அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் உலோகப் பூச்சு இருக்கும். படலத்தில் எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி அந்த இடம் தானாகவே துண்டிக்கப்படும். ஷார்ட் ஆகாமல் பிழைத்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொள்ளளவு (கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் திறன்) கொஞ்சம் குறையும். அதனால்தான் வேகம் படிப்படியாகக் குறைகிறது. எரிந்த காயில் இப்படி மெல்லச் சாகாது. கருகல் வாடை வரும், எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழும், அல்லது முனகல்கூட இல்லாமல் நின்றுவிடும்.

யாரையும் கூப்பிடும் முன் செய்ய வேண்டியவை. சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் கோளாறு பேரிங்கில். லேசாகச் சுற்றினால், சுவிட்சைப் போட்டு, எட்ட நின்று, நீளமான காய்ந்த மரக்கம்பால் இறக்கையை மெதுவாகத் தள்ளுங்கள். தள்ளிய பக்கமே சுற்ற ஆரம்பித்தால் ரன்னிங் வைண்டிங் உயிரோடு இருக்கிறது. முனகும் ஃபேனைச் சில நொடிகளுக்கு மேல் அப்படியே விடாதீர்கள், நல்ல காயிலும் சூடாகிக் கெடும்.

மாற்றுவது எளிது, ஆனால் கரண்ட் விஷயத்தில் குறுக்குவழி வேண்டாம். சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் போடப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் ஃபேனில் கரண்ட் இருக்கும். ஆகவே மெயினையே அணையுங்கள், டெஸ்டர் வைத்தும் பாருங்கள். பல ஃபேன்களில் மோட்டாருக்கு மேலே தண்டில் இருக்கும் கிண்ண மூடியின் திருகைத் தளர்த்தி மேலே தூக்கினால் கெப்பாசிட்டர் தெரியும். இரண்டே வயர். எது எங்கே போகிறது என்று முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வயர் முனைகளைத் தொடும் முன், கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் கரண்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்யுங்கள். கெப்பாசிட்டருக்கு பிளஸ், மைனஸ் கிடையாது, எப்படி மாட்டினாலும் சரி.

வாங்கும்போது பழையதன் மேல் இருக்கும் எண்ணையே கேளுங்கள். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், சிலவற்றில் 3.15. வோல்டேஜ் 440 ஏ.சி. என்று இருக்கட்டும். "4 போட்டா இன்னும் வேகமா ஓடும்" என்று சொன்னால் வாங்காதீர்கள். ஸ்டார்ட்டிங் வைண்டிங்கில் கரண்ட் கூடும், மோட்டார் கொதிக்கும், இன்று பொய்யாகச் சொன்ன ரீவைண்டிங் நாளை உண்மையாகவே வந்து நிற்கும்.

மல்டிமீட்டரில் கொள்ளளவு பார்க்கும் வசதி இருந்தால் பழையதை அளந்து பாருங்கள். 2.5 என்று அச்சடித்தது 1.4 என்று காட்டும்போது, இத்தனை நாள் ஃபேன் ஏன் திணறியது என்பது கண்முன்னே நிற்கும். மூடியை மாட்டி, மெயினைப் போட்டு, தள்ளாமலே இறக்கை நகர்வதைப் பார்க்கிற சந்தோஷத்தைக் கூலி கொடுத்து வாங்க முடியாது.

புது கெப்பாசிட்டர் போட்டும் முனகினால் மட்டுமே காயிலைச் சந்தேகியுங்கள். மெயின் அணைந்திருக்க, கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு மோட்டாரிலிருந்து வரும் மூன்று வயர்களையும் இரண்டிரண்டாக ஓம் அளவில் பாருங்கள். இரண்டு சிறிய அளவுகளைக் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். எங்காவது அளவே காட்டாவிட்டால் வைண்டிங் அறுந்திருக்கிறது. எந்த வயருக்கும் மோட்டார் பாடிக்கும் இடையே அளவு காட்டினால் காயில் பாடியில் கசிகிறது, அந்த ஃபேனைப் போடவே கூடாது. பி.எல்.டி.சி. ஃபேனுக்கு (கரண்டை மிச்சப்படுத்தும், பெரும்பாலும் ரிமோட்டோடு வரும் வகை) இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அதில் இருப்பது சர்க்யூட் போர்டு.

ரீவைண்டிங் நிஜமாகவே தேவைப்பட்டால், கழற்றிய பழைய காயில் கம்பியைத் திருப்பித் தரச் சொல்லி முதலிலேயே பேசிவிடுங்கள். புதுக் கம்பி செம்பா அலுமினியமா என்பதை பில்லில் எழுதச் சொல்லுங்கள். செம்புக்குக் காசு வாங்கிக்கொண்டு அலுமினியம் சுற்றுகிறவர்களும் உண்டு. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், அதே தடிமனில் சுற்றினால் மோட்டார் சீக்கிரம் சூடேறும். சந்தேகம் இருந்தால் முனையில் வார்னிஷைச் சுரண்டிப் பாருங்கள்: செம்பு என்றால் சிவப்பாகத் தெரியும், வெள்ளையாக மின்னினால் அலுமினியம்.