தரையில் அமரும் கடற்கன்னிக்கு ஒரு வால்: ஆடைப் பட்டறை மதிப்புரை

தாய்லாந்தின் இராமாயணமான ராமகியனில் இராவணனின் மகளாக ஒரு கடற்கன்னி வருகிறாள். சுவர்ணமச்சா என்னும் அவள், இலங்கைக்குக் கட்டப்படும் பாலத்தின் கற்களைத் தன் கூட்டத்தோடு அகற்றப் போய், தடுக்க வந்த அனுமனிடமே மனத்தைப் பறிகொடுக்கிறாள். கம்பனில் இல்லாத இப்பாத்திரத்தை எங்கள் நாட்டிய நாடகத்தில் சேர்ப்பதென முடிவானபோது, அவளுக்குரிய வாலைச் செய்து தரும் பொறுப்பைத் சிங்கப்பூரின் கிழக்குப் பகுதித் தொழிற்பேட்டை ஒன்றில் இயங்கும் சிறிய ஆடைப் பட்டறையிடம் ஒப்படைத்தோம். நிறைகளோடு குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

நீச்சல் குளத்தில் அணிவதற்கான கடற்கன்னி வால்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. அச்சிட்ட ஸ்பான்டெக்ஸ் துணி, உள்ளே இரு பாதங்களையும் ஒன்றாகப் பூட்டும் மோனோஃபின் என்னும் துடுப்பு, அவ்வளவுதான். தொழில்முறைக் கலைஞர்கள் அணியும் முழுச் சிலிகோன் வாலோ 15 முதல் 25 கிலோ வரை எடையுள்ளது. சிலிகோனின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம் என்பதால் நீருக்குள் அந்த எடை ஏறக்குறைய மறைந்துவிடும். மேடையில் அதில் ஒரு கிராம்கூடக் குறையாது. அனுமனாக ஆடுபவர் நாயகியைத் தூக்கிப் பாறைமேல் அமர்த்த வேண்டிய காட்சியில், அவளுடைய எடையோடு இன்னோர் அரிசி மூட்டையையும் சேர்த்துத் தூக்கச் சொல்வது நியாயமன்று. இதை நாங்கள் விளக்குவதற்கு முன்பே பட்டறையின் தலைமைக் கைவினைஞர் கேட்ட முதல் கேள்வி, "யார் தூக்குவார், எங்கே பிடித்துத் தூக்குவார்?" என்பதுதான். அந்தக் கேள்விக்காகவே அவர்களைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லலாம்.

அவர்கள் கண்ட வழி கலப்பு முறை. நான்கு பக்கமும் இழுபடும் துணியில் உடலளவுக்குத் தைத்த உறையே அடித்தளம்; பார்வையாளர் கண்ணில் படும் முன்புறத்திலும் பக்கங்களிலும் மட்டுமே மெல்லிய சிலிகோன் செதில் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. அமரும்போது அழுந்தும் பின்புறம் வெறும் துணிதான். அதன்மேல் செதில்களின் நிழலை மட்டும் வரைந்திருக்கிறார்கள். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையே விழும் பள்ளத்தை மென்மையான நுரைப்பட்டைகள் நிரப்புகின்றன. இந்தப் பட்டைகள் இல்லாவிட்டால் முழங்கால் முட்டு வெளியே துருத்தி, எவ்வளவு அழகான செதிலையும் பொய்யாக்கிவிடும். மலிவான வால்களைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த முட்டுதான்.

செதில் வேலையை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. களிமண்ணில் ஒவ்வொரு செதிலையும் தனித்தனியே செதுக்கி, அதிலிருந்து அச்சு எடுத்து, சிலிகோனை மெல்லிய அடுக்குகளாகத் தூரிகையால் பூசினார்கள். கந்தகம் கலந்த களிமண்ணோ லேட்டக்ஸ் கையுறையோ பட்டால் பிளாட்டினத்தால் இறுகும் சிலிகோன் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்பதால், அந்த மேசையை நெருங்கும் எவருக்கும் நைட்ரைல் கையுறையை நீட்டினார்கள். சிலிகோன்மேல் சிலிகோனைத் தவிர வேறெந்த வண்ணமும் நிலையாக ஒட்டாது. ஆகவே நிறமிகளையும் முத்துப்பொடியையும் சிலிகோனிலேயே கலந்து தீட்டினார்கள். செதிலின் விளிம்பு வாலை நோக்கியே திறந்திருக்க வேண்டும் என்பதிலும், முதுகுப்புறம் கருமையாகவும் வயிற்றுப்புறம் வெளிறியும் இருக்க வேண்டும் என்பதிலும் அவர்கள் காட்டிய பிடிவாதம் பாராட்டுக்குரியது. மேடை விளக்கில் கண்ணாடிபோல் பளபளக்காதிருக்க, இறுதி அடுக்கில் மினுமினுப்பைக் குறைக்கும் பொடியைச் சேர்த்திருந்தார்கள்.

வால்துடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீனின் வால்துடுப்பு செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அசைவது. டால்பினுடையது கிடையாக இருந்து மேலும் கீழும் அசைவது. மனித முழங்கால் மடங்கும் திசைக்கு இரண்டாவதே பொருந்தும் என்பதால் கடற்கன்னி வால்கள் எல்லாம் டால்பின் வகையாகவே செய்யப்படுகின்றன. ஆனால் கிடையான துடுப்பு தரையில் படிந்து கிடந்தால், மேடைக்குக் கீழே முன்வரிசையில் இருப்பவருக்கு ஒரு கோடு மட்டுமே தெரியும். இதை முன்கூட்டியே உணர்ந்து, துடுப்பினுள் வளையும் பிளாஸ்டிக் தகட்டைச் சற்றே முறுக்கிவைத்து, ஒரு மடல் மட்டும் நிமிர்ந்து நிற்குமாறு அமைத்திருந்தார்கள். பாதங்கள் உள்ளே மென்காலணியில் தளர்வாக இருப்பதால், குதிகாலை லேசாக அசைத்தாலே அந்த மடல் சிலிர்க்கிறது. இடுப்புக்குக் கீழே அசைவற்றுப்போன ஒரு பரதக் கலைஞருக்கு அந்தச் சிலிர்ப்பு பெரிய உதவி. கையில் மத்ஸ்ய முத்திரையும் காலில் துடுப்பும் ஒரே தாளத்தில் அசைந்தபோது அரங்கத்தில் எழுந்த சலசலப்பில் அதற்கும் பங்குண்டு.

இடுப்பில் துணி முடிந்து தோல் தொடங்கும் இடத்தை மறைக்கும் பணியும் நன்றாகவே அமைந்தது. நேர்கோட்டில் வெட்டாமல், செதில்கள் சிறுத்துச் சிதறி மறையும் வண்ணம் செய்திருந்ததால், மேகலை அணியாமலேயே ஆட முடிந்தது.

இனிக் குறைகள். குளிரூட்டிய அரங்கில் சிறப்பாக இருந்த வால், சமூக மன்றம் ஒன்றின் திறந்த பல்நோக்கு மண்டபத்தில் ஆடியபோது தாங்க முடியாததாகிவிட்டது. சிலிகோன் காற்றை உள்ளே விடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை உள்ளேயே தேங்கி, இடுப்போரம் உள்துணி சிலிகோனிலிருந்து பிரியத் தொடங்கியது. வெறும் துணியாக விட்ட பின்புறத்தில் வலைத்துணி வைத்திருந்தால் இதைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம். சிங்கப்பூரிலேயே தொழில் நடத்துபவர்களுக்கு இது தோன்றாதது வியப்பு. அதைவிடக் கவலைக்குரியது ஜிப்பு. இடுப்பிலிருந்து முழங்கால்வரை மட்டுமே அது திறந்ததால், அணிந்தவர் தாமாக வெளியேற இயலாது. இருவர் உதவ வேண்டும். அவசரமாக மேடையைக் காலி செய்ய நேர்ந்தால் என்ன ஆகும் என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தோம். அப்படியிருந்தும் கணுக்கால்வரை ஜிப்பை நீட்டித் தரத் தனிக் கட்டணம் கேட்டதை ஏற்க முடியவில்லை. ஆளின் பாதுகாப்பு சார்ந்த ஒன்று முதல் மதிப்பீட்டிலேயே அடங்கியிருக்க வேண்டும்.

விலை, பொருள் சேவை வரியையும் சேர்த்து, ஒரு நல்ல பட்டுப்புடவைத் தொகுதியையே வாங்கும் அளவுக்கு ஆனது. கைவேலையின் அளவைப் பார்த்தால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒப்படைப்பில் தாமதம் இருந்தது, ஒத்திகையைப் பாதிக்கவில்லை.

பராமரிப்புக்கு எழுத்து வடிவில் தந்த குறிப்பு பயனுள்ளது: மென்மையான பாத்திரச் சவர்க்காரத்தில் கழுவி, நிழலில் உலர்த்தி, சோளமாவைத் தூவிப் படுக்கைவாட்டில் வைக்க வேண்டும், துடுப்பைப் பிடித்துத் தொங்கவிட்டால் சொந்த எடையாலேயே சிலிகோன் கிழியும். அடுக்குமாடி வீட்டில் ஆள் நீளத்துக்கு ஒன்றைப் படுக்கவைக்க இடம் தேடுவது வேறு கதை. அடுத்த தயாரிப்புக்கும் இதே பட்டறையிடம் போவோம். ஆனால் பின்புற வலைத்துணியும் கணுக்கால்வரை நீளும் ஜிப்பும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பிறகே முன்பணம் தருவோம்.