ராமநாதபுரத்துல ஹோட்டல் வேலைக்கு ஆள் எடுக்குற கன்சல்டன்சி: என் ரிவ்யூ (1 ஸ்டார்)

அக்கா மகன் கேட்டரிங் டிப்ளமா முடிச்சிருக்கான், அவனைக் கூட்டிக்கிட்டு ராமநாதபுரத்துல ஒரு கன்சல்டன்சிக்கு போயிருந்தேன். பேரு போட வேணாம்னு அக்கா சொல்லிருச்சு, அதனால பேரு இல்லாம எழுதுறேன், நடந்தது அப்படியே இருக்கும். நான் ராமேஸ்வரத்துல லாட்ஜ் ஃப்ரண்ட் ஆபீஸ்ல பல வருஷமா இருக்கவன், இந்தத் தொழில்ல ஆள் எப்படி எடுக்குறாங்க, எப்படி எடுக்கணும்னு ஓரளவு தெரியும்.

ஆபீஸ் சூப்பரா தான் இருக்கு, ஏசி, கண்ணாடி கதவு, சுவரு பூரா துபாய் படம். பத்து மணிக்கு வரச்சொன்னாங்க, கூப்பிட்டது சாப்பாட்டு நேரம் தாண்டி. லேட் ஆகும் தம்பிகளா, டீ குடிச்சிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்ல. பாம்பன், தொண்டி, ஏர்வாடி, சாயல்குடின்னு எங்கெங்க இருந்தோ விடிகாலை பஸ் புடிச்சு அயர்ன் பண்ண சட்டையோட வந்த புள்ளைக, சேர் பத்தாம மாடிப்படியில உக்காந்திருந்துச்சுக. உள்ள போனா அந்த ஆளு ஃபோனை பாத்துக்கிட்டே "என்னடா படிச்சிருக்க"ங்குறாரு. கெஸ்ட் வந்தா எந்திரிச்சு வணக்கம் சொல்லணும், முகத்தைப் பாத்து பேசணும்னு நாங்க புதுப் பசங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுப்போம், அந்தத் தொழிலுக்கு ஆள் எடுக்குற எடத்துல வந்த புள்ளைய உக்காருன்னு கூட சொல்லலைன்னா எப்படிங்க?

அடுத்து "எந்த ஊரு?" உச்சிப்புளி பக்கம்னான். "ஊர்ல எந்தத் தெரு? எந்த ஆளுக?" நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இது என்ன கேள்வின்னு நான் விளக்கத் தேவையில்ல. ரூம்ல பெட்ஷீட் மாத்துறதுக்கும் டேபிள்ல தோசை வைக்கிறதுக்கும் இது எதுக்கு? "வேலைக்கு சம்பந்தம் இல்லாததைக் கேக்காதீங்க சார்"னு நான் சொன்னதுக்கு, ஓனருங்க கேப்பாங்க சார், நாங்க என்ன பண்றதுன்னு பதில். எங்களுக்கு முன்னாடி போன பாம்பன் பொண்ணு கிட்ட கல்யாணம் எப்போன்னு கேட்டிருக்காங்க, அந்தப் புள்ளையோட அம்மா வெளிய வந்து அதைச் சொல்லும்போது முகமே சரியில்ல. நைட் ஷிப்ட் முடிஞ்சா போக வண்டி உண்டா, தங்குற எடம் எப்படி, பிரச்சனைன்னா யார்கிட்ட சொல்றதுன்னு அந்தம்மா கேட்டதுக்கு ஒண்ணுக்கும் பதில் இல்லையாம். பத்துப் பேரு வேலை பாக்குற எடமா இருந்தாலே பாலியல் புகாரை விசாரிக்க உள்ள ஒரு கமிட்டி இருக்கணும்னு 2013 சட்டம் சொல்லுது, பொண்ணுங்களை வேலைக்கு அனுப்புற ஆபீஸ்ல இதைக் கூடவா தெரிஞ்சு வச்சிருக்க மாட்டாங்க?

பதிவுக் கட்டணம் 2,500 ரூபா. ரசீது கேட்டா வாட்ஸப்ல வரும்னாங்க, வரல. நாங்க போனது மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது, அங்க இருந்த பாதிப் புள்ளைக கடற்கரை வீட்டுப் புள்ளைக. கவர்மெண்ட் நிவாரணமே 8,000 ரூபா தான், அதுல இவங்களுக்கு 2,500 போனா வீட்ல அடுப்பு எரியுறது எப்படி. ஆள் தேவைப்படுறது ஹோட்டலுக்கு, அப்ப ஹோட்டல் கிட்ட வாங்கிக்கங்க, வேலை இல்லாதவன் கிட்ட எதுக்கு வாங்குறீங்க.

இதை விட எனக்கு கோவம் வந்தது ஒரிஜினல் மார்க் ஷீட் கேட்டது. பாதுகாப்பா இருக்கும், ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கிக்கலாம்னு ஏதோ பேங்க் லாக்கர் மாதிரி பேசுறாங்க. எங்க லைன்ல இப்படி மாட்டுன பசங்களை நான் பாத்திருக்கேன். நல்ல ஹோட்டல்ல கூப்பிடுவாங்க, ஒரிஜினல் பழைய எடத்துல கிடக்கும், கேட்டா பாதியில போறதுக்கு காசு கட்டும்பாங்க, பையன் அங்கயே கிடப்பான். செக் பண்ணனும்னா பாத்துட்டு அப்பவே கையில குடுத்துறணும், ஜெராக்ஸ் வச்சுக்கங்க.

சம்பளம் வாய்ல 16,000. எழுத்துல குடுங்கன்னு கேட்டேன், அப்புறம் தான் ஒவ்வொண்ணா வெளிய வருது, மெஸ்ஸுக்கு புடிப்பாங்க, ரூமுக்கு புடிப்பாங்க, யூனிஃபார்முக்கு மொத மாசம் புடிப்பாங்க. பிரேக் ஷிப்ட்டான்னு கேட்டா அது ஓனர் முடிவாம். காலையில ஆறு மணிக்கு வந்து மதியம் விட்டு மறுபடி சாயங்காலம் வந்து ராத்திரி பதினொண்ணு வரை நிக்கிறதை சேர்றதுக்கு முன்னாடியே சொல்லணுமா வேணாமா? ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்துல என்ன கூட்டம் வரும்னு எல்லாருக்கும் தெரியும், அன்னைக்கு லீவு கிடையாது, அதையும் சொல்லிட்டா பசங்க மனசுக்குள்ள தயாராகிருவாங்க.

இதுக்கு மேல, உள்ளூர் வேலை புடிக்கலைன்னா கத்தார் ஹோட்டல் இருக்கு, 1,20,000 கட்டுன்னாங்க, விசிட் விசால போய் அங்க மாத்திக்கலாமாம். கீழக்கரை பக்கம் தலைமுறை தலைமுறையா சபர், அதாவது வெளிநாட்டுக்கு சம்பாதிக்கப் போற ஊரு, அங்க யாரைக் கேட்டாலும் விசிட் விசால வேலைக்குப் போகாதேன்னு தான் சொல்வாங்க. 1983 எமிகிரேஷன் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜெண்ட் மத்திய அரசு கிட்ட பதிவு பண்ணிருக்கணும், அரசோட இமைக்ரேட் சைட்டுல பேரைப் போட்டுப் பாக்கலாம், நான் அங்க நின்னுக்கிட்டே பாத்தேன், இவங்க பேரு இல்ல. சட்டப்படி சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபா, அது கூட ஜிஎஸ்டி, அதுவும் ரசீதோட. பையன் பத்தாவது பாஸ், ஈசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு க்ளியரன்ஸ் வாங்க வேண்டிய பாஸ்போர்ட்) கிடையாது, அதனால எந்தப் பதிவும் வேணாம்னு சாதிச்சாரு. பையனுக்கு க்ளியரன்ஸ் வேணாம்ங்குறது சரி தான், ஆனா ஏஜெண்ட்டுக்கு லைசென்ஸ் கண்டிப்பா வேணும், ரெண்டையும் போட்டுக் குழப்புறாங்க. தமிழ்நாடு அரசோட வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978ல இருந்து சென்னையில இருக்கு, வெளிநாடு போணும்னா மொதல்ல அங்க விசாரிங்க.

அதுக்கப்புறம் மண்டபம் பக்கம் ஒரு ரிசார்ட்ல நேர்ல இன்டர்வியூன்னு கேள்விப்பட்டு போனோம். சின்ன எடம் தான். எச்ஆர் அம்மா எந்திரிச்சு வந்து "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டாங்க, ஸ்டாஃப் மெஸ்ல சாப்பிட வச்சு தான் இன்டர்வியூவே. ஒரு பேப்பர்ல பேசிக் எவ்வளவு, பிஎஃப் எவ்வளவு, சாப்பாடு தங்குறது ஃப்ரீ, வாரம் ஒரு நாள் ஆஃப், ஷிப்ட் டைம் என்னன்னு எழுதிக் கையில குடுத்து, வீட்ல காட்டிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கன்னாங்க. காசு கேக்கல. ஒரிஜினலை பாத்துட்டு ஃபைலோட திருப்பிக் குடுத்தாங்க.

அவன் கேட்ட ஃப்ரண்ட் ஆபீஸ் கிடைக்கல. ஆனா அந்த வாரமே அவங்களே கூப்பிட்டு, வர்ற கெஸ்ட்ல வடநாட்டுக்காரங்க அதிகம், ஹிந்தி இன்னும் கொஞ்சம் வேணும், இப்போதைக்கு ரெஸ்டாரண்ட் சைடுல ஸ்டூவர்டா (டேபிள்ல பரிமாறுற வேலை) வர்றீங்களான்னு கேட்டாங்க. இத்தனை வருஷத்துல வேலை இல்லைன்னு காரணத்தோட ஃபோன் பண்ணி சொன்ன எடத்தை நான் பாத்ததே கம்மி, இல்லைன்னா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க, பையன் மாசக் கணக்கா ஃபோனைப் பாத்துக்கிட்டே இருப்பான். அவன் சேர்ந்துட்டான், மொத மாச சம்பளம் பேப்பர்ல இருந்த மாதிரியே அக்கவுண்ட்ல ஏறிருச்சு.

ரிசார்ட்டுக்கு 5 ஸ்டார் தாராளமா குடுப்பேன். கன்சல்டன்சிக்கு 1, அதுவும் ஜீரோ போட முடியாததால. அந்த 2,500 ரூபாயை திருப்பிக் கேட்டு எழுத்துல லெட்டர் குடுத்திருக்கோம், வாங்கிட்டோம்னு சீல் போட்டுக் குடுத்தாங்க, காசு இன்னும் வரல. வந்தா இங்கயே அப்டேட் பண்றேன்.