ஏழு ஆண்டுகளாகக் குடைக்கோரை: பினாங்கு வீட்டு முற்றத்து அனுபவம்

ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் தரைவீட்டில், வாசலுக்கும் லோங்காங் எனப்படும் வடிகாலுக்கும் இடையே நான்கைந்து ஜாடிகள் வைக்கும் அளவுக்கே இடம் உண்டு. அங்கே ஏழு ஆண்டுகளாக மூன்று வகை அழகுக் கோரைகளை வளர்த்துப் பார்த்துவிட்டேன். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுப்பது குடைக்கோரைதான்.

முதலில் வாங்கியது ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட கேரெக்ஸ். மஞ்சள் கோடு ஓடிய அதன் இலைகளில் மயங்கி, வெயில் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி இரண்டு தொட்டிகள் வாங்கினேன். இரவிலும் புழுக்கம் தணியாத இங்கே, நிழலுக்கு மாற்றிய பிறகும், மூன்றே மாதத்தில் அடி அழுகிப் போயிற்று. அடுத்து வைத்த பாப்பிரஸ் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் ஆளுயரத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு புயல்மழைக்கும் தண்டு மடிந்தது. குறுகிய முற்றத்துக்கு அது ஏற்றதன்று.

குடைக்கோரை கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் நீரோரம் வளர்வது. ஆகவே வேர் நீரில் மூழ்கியிருந்தாலும் அதற்குக் கேடில்லை. குடைபோல விரிந்திருப்பவற்றை இலை என்று நினைக்கிறோம். அவை பூவடிச் செதில்கள். உண்மையான இலைகள் தண்டின் அடியில் வெறும் பழுப்பு உறைகளாகச் சுருங்கிவிட்டன. பத்தமடைப் பாய்க்கு உதவும் கோரையும் இதே பேரினத்தைச் சேர்ந்தது என்பதை அறிந்த நாளிலிருந்து இச்செடியின் மேல் எனக்குத் தனிப் பாசம்.

துளையில்லாத சீன ஜாடியில் களிமண் கலந்த மண்ணை நிரப்பி, மேலே கூழாங்கற்களைப் பரப்பி, நான்கு விரல் உயரத்துக்கு நீர் நிற்கும்படி வைத்திருக்கிறேன். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுப் புழு கண்டால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான மலேசியாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் உண்டு; அதைவிட, டெங்கிக் காய்ச்சல் வீட்டுக்குள் வரும் என்ற அச்சம் பெரிது. எனவே ஒவ்வொரு ஜாடியிலும் புழுவைத் தின்னும் கப்பி மீன்கள் ஐந்தாறு இருக்கின்றன. இரண்டாம் ஆண்டில் உரத்தை நீரிலேயே தூவியதால் பாசி மண்டி மீன்கள் எல்லாம் இறந்தன. நான் கவனிப்பதற்குள் புழு நெளிந்தது. இப்போது மெதுவாகக் கரையும் உர உருண்டைகளை மண்ணுக்குள் ஆழப் புதைக்கிறேன்.

ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் குடையின் நுனிகள் கருகும். மீண்டும் நீர் ஊற்றினாலும் கருகியது பசுமையாகாது. மஞ்சளான தண்டைப் பிடுங்கக் கூடாது, அடியோடு வெட்ட வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை வேர்க்கட்டியை இரம்பத்தால் பிளந்து, கிழடு தட்டிய நடுப்பகுதியை எறிந்துவிட்டு, ஓரத்துத் துண்டுகளையே திரும்ப நடுகிறேன். இதைத் தள்ளிப்போட்ட ஆண்டில் வேர் நெருக்கி ஒரு பிளாஸ்டிக் தொட்டியே பிளந்தது.

புதுச் செடிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. முற்றிய குடை ஒன்றை இரண்டு அங்குலத் தண்டோடு வெட்டி, செதில்களைப் பாதியாகக் கத்தரித்து, ஒரு கிண்ணம் நீரில் தலைகீழாக மிதக்கவிட வேண்டும். கிண்ணத்து நீரை நாள்தோறும் மாற்றி வந்தால், சில வாரங்களில் செதில்கள் கூடும் நடுவிலிருந்து வெள்ளை வேர்களும், அவற்றின் பக்கத்தில் ஊசிமுனை போன்ற பச்சைக் குருத்துகளும் எழும்.

கன்று கேட்டு வரும் அண்டைவீட்டாரிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: வெப்ப நாடுகள் பலவற்றில் நீரோரக் களையாகப் பரவிவிட்ட செடி இது, ஜாடியிலேயே வையுங்கள், வெட்டிய குடைகளை லோங்காங்கில் வீசாதீர்கள்.