ஜிப்சியின் பின் கண்ணாடி: மூன்று ஷீட், எட்டு கோடை

என்னிடம் இருப்பது 2003 மாடல் மாருதி ஜிப்சி, சாஃப்ட் டாப், டிஎன் 23 நம்பர். 2017இல் காட்பாடியில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். எஞ்சின் நன்றாக இருந்தது, அடியில் துரு இல்லை, டயர் பாதி இருந்தது. பின் கண்ணாடி மட்டும் ஆறிப்போன டிகாஷன் நிறத்தில் இருந்தது. கண்ணாடி என்று பேச்சுக்குச் சொல்கிறோம், அது கேன்வாஸில் தைத்த தடித்த பிளாஸ்டிக் ஷீட். பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்பதை ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ராத்திரியில் ஹெட்லைட் விழுந்தால் மொத்த ஷீட்டும் தீபாராதனை மாதிரி எரியும்.

அதற்குப் பிறகு மூன்று முறை ஷீட் மாற்றிவிட்டேன். முதலாவது பதினாறு மாதம் வந்தது. இரண்டாவது இரண்டு வருடம்கூட வரவில்லை. 2021 பிப்ரவரியில் போட்ட மூன்றாவது ஐந்து கோடைகளைத் தாண்டி இன்னும் வண்டியில் இருக்கிறது. எல்லாரும் வெயிலைத்தான் திட்டுகிறார்கள். என் கணக்கில் வெயில் பாதி, தைத்தவரும் நாமும் சேர்ந்து மீதிப் பாதி.

முதல் தடவை ஆட்டோவுக்கு ஹூட் தைக்கும் ஒரு குஷன் கடையில் கொடுத்தேன். ஆட்டோவிலும் பின்னால் இதே மாதிரி ஒரு ஷீட் இருக்கிறதே, தினமும் தைப்பவர்தானே என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேர வேலை, 900 ரூபாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரியர்வியூ கண்ணாடியில் உலகம் அவ்வளவு பளிச்சென்று தெரிந்தது. இரண்டாவது கோடை தொடங்கும்போது கீழ் ஓரத்தில் தையல் ஓடிய கோட்டிலேயே ஒரு சாண் நீளத்துக்கு ஷீட் கிழிந்து தொங்கியது. தையல் பிரியவில்லை, நூலும் அறுபடவில்லை. ஊசி போட்ட ஓட்டைகள் வரிசையாக இருந்ததால் அந்தக் கோட்டிலேயே ஷீட் விட்டுவிட்டது. அரை மில்லிமீட்டர் ஷீட்டில் சட்டை தைப்பது போல நெருக்க நெருக்கமாகத் தையல் போட்டிருந்தார்கள். ஆட்டோவில் அந்த ஜன்னல் சின்னது, அதைச் சுருட்டுவதும் இல்லை, அதனால் அங்கே தாங்கும். ஜிப்சியின் பின் திரை மூன்றடிக்கு மேல் அகலம். ஹைவேயில் எண்பதில் போனால் அது நுரையீரல் மாதிரி உப்பி உப்பி அடங்கும். அத்தனை இழுப்பும் அந்த ஓட்டை வரிசைமேல்தான்.

இரண்டாவது ஷீட்டுக்குத் தையல் குறை கிடையாது. அதைக் கெடுத்தது நான்தான். வாட்டர் சர்வீஸுக்கு விட்ட இடத்தில், கழுவி முடித்த பையன் வழக்கம்போல அடிப்பாகத்துக்கு டீசல் ஸ்ப்ரே அடித்தான். அப்படியே கை ஓட்டத்தில் பம்பர், டெயில் கேட், பின் ஷீட் என்று எல்லாவற்றுக்கும் ஒரு சுற்று. "பளபளன்னு இருக்கும் சார்" என்றான். இருந்தது, இரண்டு நாளைக்கு. அப்புறம் ஷீட்டில் பால் கலந்த மாதிரி ஒரு மங்கல் ஏறியது. எதைப் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை.

ஏன் அப்படி ஆகிறது என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இந்த ஷீட் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அது தன்னளவில் தண்ணீர்க் குழாய் மாதிரி விறைப்பான சரக்கு. அதை வளைகிற ஷீட்டாக்க எண்ணெய் போன்ற ஒன்றைக் கலக்கிறார்கள், பிளாஸ்டிசைசர் என்று பெயர். வெயிலில் காய்ந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். டீசல், மண்ணெண்ணெய், தின்னர் பட்டால் அதுவே வேகமாக நடக்கும். எண்ணெய் போகப் போக ஷீட் மறுபடி குழாயாகிவிடும். மஞ்சள் நிறம் தனிக் கதை. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு பி.வி.சி.யிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கழன்று போகிறது, அப்படிக் கழன்ற பிறகு மிஞ்சும் மூலக்கூறின் நிறம்தான் அந்த மஞ்சள். பாலிஷ் போட்டால் மேல் கீறல் குறையும். உள்ளே ஏறிய மஞ்சளை யாராலும் எடுக்க முடியாது. டூத் பேஸ்ட் வைத்தியமும் செய்து பார்த்தேன். சின்னக் கீறல்கள் கொஞ்சம் மங்கின, வண்டியில் ஒரு வாரம் புதினா வாசனை, அவ்வளவுதான்.

அந்த ஷீட் செத்தது ஏலகிரியில். 2021 ஜனவரி, பொங்கலுக்கு மறுவாரம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே தங்கிவிட்டு, காலை ஆறு மணிக்குப் பனியில் நின்ற வண்டியின் பின் திரையைக் காற்று வரட்டும் என்று சுருட்டினேன். இரண்டாவது சுற்றில் 'படக்' என்று ஒரு சத்தம், அப்பளம் ஒடிகிற மாதிரி. நடுவில் குறுக்காக ஒரு வெடிப்பு. கீழே வேலூரில் மத்தியானம் சுருட்டியிருந்தால் அந்த ஷீட் இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும். எண்ணெய் வற்றிய பிளாஸ்டிக், அதோடு மலைக்குளிர். இறங்கும்போது வெடிப்பின்மேல் செல்லோ டேப் ஒட்டிக்கொண்டு வந்தேன். வாணியம்பாடி தாண்டுவதற்குள் டேப் பறந்துவிட்டது.

மூன்றாவதுக்கு ஆள் தேடும்போது நண்பன் ஒருவன் கேட்டான்: "ஷூ கம்பெனி ஊர்ல இருந்துகிட்டு ஏன்டா குஷன் கடைக்கு அலையற?" ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தைப்பவர்கள்தான். தோலும் இந்த ஷீட்டும் ஒரே மாதிரிப் பிரச்சினை உள்ள சரக்கு, தப்பாக ஊசி போட்டால் ஓட்டை ஓட்டைதான், துணி மாதிரி மூடிக்கொள்ளாது. ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் பல வருடம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துவிட்டு, இப்போது வீட்டு வாசலில் சொந்த மெஷின் போட்டிருக்கும் ஒரு பாயிடம் அவன் கூட்டிப்போனான்.

பாய் பழைய ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வண்டிக்குள் கிடந்த முதல் ஷீட்டின் துண்டையும் காட்டினேன். "இன்னா தம்பி இது, ஸ்டாம்பு கிழிக்கிற மாரி ஓட்ட போட்டு வெச்சிருக்கான்" என்றார். பிறகு அவர் செய்த வேலையை நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன்.

ஷீட் ஒரு மில்லிமீட்டர் தடிமன். முக்கால் மில்லிமீட்டரே போதும் என்பவர்களும் உண்டு, அது சுருட்டவும் சுலபம். ஆனால் அகலமான திரைக்கு ஒன்றுதான் சரி என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஷீட் வாங்கிய கடையில் லேசாகக் கறுப்பு சாயம் கொடுத்த ஷீட்டும் இருந்தது. வேண்டாம் என்றேன். பின் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமாவது வர வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. 2012இல் சுப்ரீம் கோர்ட் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்த பிறகு செக்போஸ்ட்டில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

வாங்கி வந்த ஷீட்டை உடனே தைக்கவில்லை. மொட்டை மாடியில் பழைய பெட்ஷீட்டின்மேல் விரித்து அரை மணி நேரம் வெயிலில் போட்டார். சுருளாக வந்த சரக்கு படிய வேண்டும், அதோடு சூட்டில் அது விரியும். விரிந்த நிலையில் தைத்தால் ஆறிய பிறகு டிரம் மாதிரி விறைப்பாக நிற்கும். குளிர்ந்த நேரத்தில் தைத்தால் மே மாதத்தில் தொப்பை விழும். முதல் ஷீட்டில் எனக்கு அலை அலையாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதானாம்.

அடுத்தது, பழைய ஷீட்டை அவர் முதலில் வெட்டி எடுக்கவே இல்லை. எடுத்தால் கேன்வாஸ் தளர்ந்து அளவு மாறிவிடும். புது ஷீட்டை உள்பக்கமாகப் பழையதன்மேல் வைத்து, சுற்றிலும் பைண்டர் கிளிப் மாட்டினார். குண்டூசி குத்தினால் அதுவும் ஓட்டை. ஒரு சுற்றுத் தையல் முடிந்த பிறகுதான் பழையதைப் பிளேடால் கீறி எடுத்தார். கேன்வாஸின் மடிப்பு ஷீட்டுக்கு வெளிப்பக்கம் வரும்படி வைத்தார், மேலிருந்து வழியும் தண்ணீர் தையலுக்குள் போகாமல் ஓடு மேல் ஓடாக இறங்கும்.

மெஷின் வாக்கிங் ஃபுட், தோலுக்கானது. மேல் பாதமும் துணியோடு சேர்ந்து நடக்கும். சாதாரண மெஷினில் பிளாஸ்டிக் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகராது, ஒரே இடத்தில் நாலு குத்து விழும். அப்படியும் அவர் ஓரமெல்லாம் குழந்தைக்குப் போடும் பவுடர் தூவிக்கொண்டார். 18ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையலுக்குத் தையல் நாலு மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி. காட்டன் கலந்த நூல் நனைந்தால் உப்பி ஓட்டையை அடைத்துக்கொள்ளும், ஒழுகாது, ஆனால் மூன்று மழையில் இற்றுப்போகும் என்றார். "ஷீட்டுக்கு முன்னாடி நூலு சாவக் கூடாது" என்பது அவர் கொள்கை.

நான் கேட்டுச் செய்துகொண்ட ஒரே விஷயம் ஜிப். டாப் மடக்கும் மஸ்டா மியாட்டா காரின் முதல் மாடலில் பின் ஜன்னலைச் சுற்றி ஜிப் இருக்கும், டாப்பை மடக்கும் முன் ஜன்னலைக் கழற்றிப் படுக்கவைத்துவிடலாம். அதே யோசனையில் மேல் ஓரம் தையல், மற்ற மூன்று பக்கமும் தடித்த ஜிப், அதன்மேல் மூடி மாதிரி ஒரு கேன்வாஸ் பட்டை. அடுத்த முறை முழுத் திரையையும் கழற்றாமல் ஷீட்டை மட்டும் மாற்றலாம் என்பது கணக்கு. எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய்.

அந்த ஜிப் நல்ல முடிவா என்று கேட்டால் இன்னும் எனக்கே முழுசாகத் தெரியவில்லை. மே மாதம் ஜன்னலை மட்டும் தூக்கிவிட்டு ஓட்டுவது சுகம். 2021 நவம்பரில் பாலாற்றில் கரை புரண்டு வெள்ளம் போனதே, அந்த வாரம் வண்டி மூன்று நாள் மழையில் வெளியே நின்றது. பின் சீட்டில் ஒரு மூலையில் மட்டும் ஈரம், ஜிப்பின் ஒரு முனை முடியும் இடத்தில். அது பரவாயில்லை. தூசிதான் எதிரி. குவாரி லாரி போகும் ரோட்டில் ஒரு மாதம் ஓடினால் பல்லுக்குள் மண் ஏறி ஜிப் பாதியில் நின்றுவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மெழுகுவத்தியை ஓட்டினால் மறுபடி நகரும். நகராத ஜிப்பை இழுத்தால் மேல் தையல்தான் அறுபடும், அதனால் இழுப்பதே இல்லை.

பராமரிப்பில் நான் மாற்றிக்கொண்டது இரண்டே பழக்கம். ஒன்று, உலர்ந்த துணி அந்த ஷீட்டைத் தொடாது. முன்பெல்லாம் காலையில் பழைய பனியனால் 'சர்ர்' என்று ஒரு துடை துடைப்பேன். கல்தூளை வைத்து உப்புத்தாள் போட்ட மாதிரிதான் அது. இப்போது முதலில் ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றி, கையாலேயே கொஞ்சம் ஷாம்பூ நுரை போட்டு, மறுபடி தண்ணீர் விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஒத்தி எடுப்பதோடு சரி. இரண்டு, சுருட்டுவதற்கு முன் ஷீட்டைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும், உள்ளே ஒரு குளியல் டவலை வைத்துத் தலையணைத் தடிமனுக்குச் சுருட்டுவேன். மடிப்பு விழவே கூடாது. வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது பக்கத்திலேயே நிற்பேன், டீசல் ஸ்ப்ரே எடுத்த உடனே கையைக் காட்டிவிடுவேன். வருடத்தில் இரண்டு முறை புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பிளாஸ்டிக் பாலிஷ் போடுகிறேன். அதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாது, போடுகிறேன்.

இன்றைய நிலைமை: நேராகப் பார்த்தால் பின்னால் வரும் வண்டியின் நம்பர் பிளேட் படிக்க முடிகிறது. மேல் பக்கம் லேசான மஞ்சள். ராத்திரியில் ஹெட்லைட்டைச் சுற்றிக் கொஞ்சம் முடி முளைத்த மாதிரி ஒளி சிதறுகிறது. ஒரு குறை மட்டும் நானே முன்பே பார்த்திருக்க வேண்டியது. ஹூட்டின் பின் வளைவுக் கம்பி ஷீட்டை உரசும் இடத்தில் விரல் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. கறுப்பு பெயின்ட் அடித்த இரும்பு வெயிலில் தோசைக்கல் ஆகிவிடுகிறது, ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை அதுவே சுட்டுவிடுகிறது. படகு ஹூட் தைப்பவர்கள் கம்பியின் அந்தப் பக்கத்துக்கு வெள்ளை அடிப்பார்களாம். மூன்றாவது கோடையில் நானும் அடித்தேன். கோடு அதற்குப் பிறகு அகலவில்லை, இருந்தது இருக்கிறது.

பாய் அன்று வெட்டியதில் மீந்த ஒன்றரை அடித் துண்டை அம்மா எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசைமேல் விரித்துவிட்டார். அதே ரோல், அதே நாள். போன வாரம் அதைக் கொண்டுவந்து ஜிப்சியின் ஜன்னலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். மேசைத் துண்டு கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறது, நடுவில் சூடான சாம்பார்ச் சட்டி வைத்த வட்டத்தைத் தவிர.