எலக்ட்ரிக் கார்: ஓட்டிப் பாத்தப்புறம் என் ரிவ்யூ

எலக்ட்ரிக் கார் எதுக்குன்னு கேட்டா எல்லாரும் சுற்றுச்சூழல்னுதான் சொல்லுவாங்க, ஆனா வாங்குறவங்கள்ல நிறைய பேர் கணக்குப் போட்டுத்தான் வாங்குறாங்க, நானும் அப்படித்தான். பெட்ரோல் இன்ஜின்ல எரியுறதுல பெரும்பகுதி வெறும் சூடா வீணாப்போகுது, மோட்டார்ல அந்த நஷ்டம் ரொம்ப கம்மி, அதனால வீட்டுலயே சார்ஜ் போட்டா ஓட்டுற செலவு நல்லாவே குறையுது. இன்ஜின் ஆயில், கிளட்ச், சைலன்சர் தொல்லை எதுவும் கிடையாது.

ஆனா மனசு விழுறது வேற இடத்துல. சிக்னல்ல பச்சை விழுந்ததும் லேசா மிதிச்சா போதும், கியர் மாறுற இழுவையே இல்லாம சத்தமில்லாம சட்டுனு கிளம்புது, காலை எடுத்தா மோட்டாரே ஜெனரேட்டரா மாறி வேகத்தைக் குறைச்சு பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்டைத் திருப்பித் தருது (பேட்டரி ஃபுல்லா இருந்தா இது சரியா வேலை செய்யாது, கவனம்).

குறை? ஃபாஸ்ட் சார்ஜர்ல 80% வரைக்கும் விறுவிறுன்னு ஏறும், அப்புறம் ஆமை வேகம். வெயிட் ஜாஸ்தி, டயர் சீக்கிரம் தேயும். குளிர்ல ரேஞ்ச் (ஒரு ஃபுல் சார்ஜ்ல ஓடுற தூரம்) குறையும். வீட்டுல சார்ஜ் போட வசதி இல்லாதவங்க வெளி சார்ஜரை மட்டும் நம்பி இப்போதைக்கு வாங்காதீங்க, ஒண்ணு ரிப்பேர்ல கிடக்கும், இன்னொண்ணுல வேற வண்டி நிக்கும். 5க்கு 4 குடுக்கலாம்.