பெல்லட்டை எதில் வைப்பது: பையிலா, பரலிலா?

2022இல் காஸ் வரிசையில் கால் கடுக்க நின்ற கோபத்தில் வாங்கியதுதான் இந்த மரத்தூள் பெல்லட் அடுப்பு. மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைக் கட்டிகள்தான் பெல்லட், விறகுக்குப் பதில் இதைத்தான் எரிப்பது. அடுப்போடு எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. மட்டக்களப்புக் கல்லடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற வீட்டில் பெல்லட்டை எங்கே வைப்பது என்பதுதான் பாடாய்ப் படுத்தியது.

முதலில் பைகளை அப்படியே அடுக்கினேன். நெல் மூட்டைக்குச் செய்வது போலக் கீழே பலகை, மேலே தறப்பாள். 15 கிலோ பை, தூக்க லேசு, மேலதிகச் செலவும் இல்லை. வெயில் காலத்துக்கு இது போதும்.

மாரியில்தான் மாட்டிக்கொண்டேன். பெல்லட்டில் தனியாகப் பசை இல்லை, மரத்திலுள்ள லிக்னின் சூட்டிலும் அழுத்தத்திலும் இளகித் தூளைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நல்ல பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்கும். தண்ணீர் பட்டால் ஊதி உடைந்து பழையபடி மரத்தூளாகிவிடும். விறகு நனைந்தால் இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுக்கலாம், இதை எத்தனை நாள் காயவைத்தாலும் தூள் தூள்தான். எலி ஒன்று பையைக் கடித்து வைத்திருக்க, கார்த்திகை மழையில் அடிவரிசையில் மூன்று பை உப்பிப்போயிற்று. தெரியாமல் அடுப்பில் போட்டு, குசினி முழுக்கப் புகை. மனுசி சொன்னதை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகுதான் பரல். இறுக்கமான மூடியுள்ள 200 லீற்றர் நீலப் பிளாஸ்டிக் பரலில் 130 கிலோ அளவு, அதாவது எட்டுப் பைக்கு மேல் கொள்ளும். நிரப்பினால் அசைக்க முடியாது, அதனால் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். வெள்ளத்துக்குப் பயந்து நான் இரண்டு வரிசை சீமெந்துக் கல் மேல் ஏற்றிவிட்டேன். கொட்டும்போது ஒவ்வொரு பையையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும், ஈரமான ஒன்று போதும் மற்றதையும் கெடுக்க. அரிதட்டில் போட்டுத் தூளை நீக்கினால் இன்னும் நல்லது. இரும்புப் பரல் நம் உப்புக் காற்றுக்குச் சரிவராது.

பரலில் ஒரு விஷயம் கவனம். மூடி வைத்த பெல்லட்டிலிருந்து மணமே இல்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு கசியும். ஐரோப்பாவில் டன் கணக்கில் கொட்டி வைக்கும் அறைகளுக்குள் இறங்கி ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஒரு பரல் அந்த அளவுக்கு இல்லைதான், ஆனாலும் படுக்கும் அறையில் வைக்காதீர்கள், திறந்த கையோடு தலையை உள்ளே விடாதீர்கள். எங்களுடையது பின் விறாந்தையில், வெயில் படாத மூலையில் நிற்கிறது.

பரல் இதுவரை கண்டது ஒரு மாரிதான், அதனால் அடுத்த மாரிக்கு முன் மூடியின் ரப்பரைப் பார்த்துவிட்டுத்தான் நிரப்புவேன். அன்றாடத் தேவைக்கு ஒரு பையைக் குசினி வாசலில் வைத்திருக்கிறோம். சாம்பல் வாளியை மட்டும் அதன் கிட்டவும் கொண்டுபோவதில்லை, ஆறிவிட்டது என்று நினைத்த சாம்பலில் மறுநாளும் கங்கு இருந்திருக்கிறது.