மாட்ரிட்டில் மதியச் சாப்பாடு: மெனுவா, ஒரே தட்டா, தப்பாஸா?

மதியம் ஒரு மணி தாண்டினால் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டின் சின்னச் சின்ன உணவகங்களின் வாசலில் கரும்பலகை வந்துவிடும். சாக்பீஸில் ஏழெட்டு உணவுகள், கீழே ஒரே ஒரு விலை. அதுதான் 'மெனு தெல் தியா', அன்றைய சாப்பாடு. அங்கே 'மெனு' என்று கேட்டால் இந்தச் சாப்பாடுதான் வரும். விலைப்பட்டியல் வேண்டுமென்றால் 'கார்த்தா' என்று கேட்க வேண்டும்.

1960களில், சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் ஆட்சியில் மனுவேல் ஃப்ராகா சுற்றுலா அமைச்சராக இருந்தபோது, அரசு தான் நிர்ணயித்த விலையில் 'சுற்றுலா மெனு' வைக்க வேண்டும் என்று உணவகங்களைக் கட்டாயப்படுத்தியது. வெளிநாட்டுப் பயணிகளை மனதில் வைத்து வந்த ஏற்பாடு, வேலைக்குப் போகும் உள்ளூர்க்காரர்களின் அன்றாடச் சாப்பாடாக நிலைத்துவிட்டது.

இப்போது பெரும்பாலும் 12 முதல் 16 யூரோ. முதல் உணவு, இரண்டாம் உணவு, ரொட்டி, குடிக்க ஒன்று, கடைசியில் இனிப்போ காபியோ, எல்லாம் அதற்குள். முதல் உணவான 'ப்ரிமேரோ'வைக் கொறிப்பதற்கு வரும் ஏதோ ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் பருப்புக் குழம்பு கேட்டால் ஆழமான தட்டு நிறைய வரும்: கேரட், உருளைக்கிழங்கு, மேலே சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சியிலிருந்து கசிந்த சிவப்பு எண்ணெய். வியாழக்கிழமை என்றால் பல இடங்களில் பயேயா என்ற ஸ்பானியச் சோற்று உணவு. இரண்டாவதாக வரும் மீனோ பன்றியிறைச்சியோ சில சமயம் சுமாராகத்தான் இருக்கும். அதனால் ஓர் உணவகத்தை நான் எடைபோடுவது ப்ரிமேரோவை வைத்துத்தான். நிதானமாகக் கொதித்த பானை அங்கே இருக்கிறதா என்பது முதல் கரண்டியிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு நேர்ப் போட்டி 'பிளாதோ கொம்பினாதோ'. ஒரே தட்டில் பொரித்த முட்டை, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு துண்டு இறைச்சி, கொஞ்சம் சாலட். 10 யூரோவை ஒட்டி இருக்கும், பார்த்தால் மலிவு. ஆனால் பானமும் காபியும் பெரும்பாலும் தனிக் கணக்கு. அவற்றைச் சேர்த்தால் மெனுவின் விலையே வந்துவிடுகிறது, குழம்பும் இல்லை. சரி, அதற்கும் ஒரு நேரம் உண்டு. மெனு பெரும்பாலும் வார நாள் மதியத்துக்கு மட்டும்தான். இரவு எட்டு மணிக்குப் பசித்தால் இந்தத் தட்டுதான் கைகொடுக்கும்.

தப்பாஸ், அதாவது பானத்தோடு சாப்பிடும் சிறு தட்டு உணவுகள், ஊரைப் பொறுத்தது. தெற்கே உள்ள கிரனாதா நகரில் பானம் வாங்கினாலே ஒரு சிறு தட்டு உணவு இலவசம். மூன்று சுற்றில் மதியம் முடிந்துவிடும். மாட்ரிட்டில் இலவசமாக வருவது பெரும்பாலும் கொஞ்சம் ஆலிவ் அல்லது சிப்ஸ்தான். அங்கே தப்பாஸால் வயிற்றை நிரப்ப நினைத்தால் மெனுவைவிடக் கூடுதலாகவே செலவாகும்.

கையில் பணம் குறைவென்றால் சூப்பர் மார்க்கெட். மெர்கதோனா போன்ற கடைகளில் சமைத்த உணவு கிடைக்கும், பாதி விலைதான். ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ரொட்டியால் குழம்பைத் துடைத்துச் சாப்பிடும் சுகம் அதில் இல்லை. எனக்கு அது பெரிய இழப்பு. நேரம் இருக்கும் நாளில் நான் மெனுவைத்தான் எடுப்பேன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் மெனுவில் கவனமாக இருக்க வேண்டும். பருப்பில் சோரிசோ, பீன்ஸ் பொரியலில் ஹமோன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை) என்று பலகையில் எழுதாமலேயே இறைச்சி இருக்கும். கேட்டுவிட்டு, இறைச்சி இல்லாத இரண்டு ப்ரிமேரோக்களைச் சொல்லுங்கள். பல இடங்களில் மறுக்காமல் தருவார்கள்.

அப்புறம், பலகையின் கடைசி வரியைப் படிக்காமல் உட்காராதீர்கள். 'போஸ்த்ரே ஓ கஃபே' என்றால் இனிப்பு அல்லது காபி. நடுவில் 'ஓ'வுக்குப் பதில் 'இ' இருந்தால் இரண்டுமே உண்டு.